மாத்திரை நிற்காமல் இருக்க

ஜனவரி 9

அக்கா இன்றும் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் தூக்கினாள். காலையில் விரல்கள் மடங்கவே அரை மணி நேரமாகிறது. மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாவற்றையும் தாண்டி வந்தவள், தினம் ஒன்று விழுங்கும் லெட்ரோசோலால் துவண்டுபோகிறாள். "நிறுத்திடட்டுமாடி?" என்றாள். வயிற்றைக் கலக்கியது. 5 வருடம் சாப்பிட வேண்டிய மாத்திரை.

ஜனவரி 11

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். மாதவிலக்கு நின்ற பிறகும் உடம்பின் கொழுப்பில் அரோமடேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனை உருவாக்குகிறது. அக்காவின் கட்டி அந்த ஈஸ்ட்ரோஜனால் வளர்ந்த வகை. மாத்திரை நொதியை அடக்குகிறது; ஈஸ்ட்ரோஜன் வற்ற, மூட்டுகள் பிடித்துக்கொள்கின்றன. சாப்பிடுபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த வலி உண்டாம். "பொறுத்துக்கோங்கன்னு சொல்ல மாட்டேன். நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க" என்றவர் நடைப்பயிற்சி சொன்னார், அக்குபங்சரும் சொன்னார்.

இரவு அக்குபங்சர் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் இந்த மூட்டுவலி உள்ள 226 பெண்களிடம் நடந்த ஆய்வு, 2018இல் வெளியானது. சிலருக்கு உண்மையான ஊசி, சிலருக்கு வேறு இடத்தில் மேலோட்டமாகக் குத்திய பாவனை ஊசி, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. 6 வாரத்தில் 10க்கு அளந்த வலி, உண்மை ஊசியில் சுமார் 2 புள்ளி குறைந்தது. மற்ற இரண்டிலும் சுமார் 1. பெரிய வித்தியாசமில்லைதான். ஆனால் டம்ளரை ஒரு கையால் தூக்க அந்த ஒரு புள்ளி போதுமே! 2022இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் இந்த மூட்டுவலிக்கு அக்குபங்சரைப் பரிந்துரைத்திருக்கிறது.

ஜனவரி 16

பக்கத்து வீட்டு மாமி சொன்னாரென்று ஓர் அக்குபங்சர்காரரிடம் போனோம். நாடி பார்த்த கையோடு, "இங்கிலீஷ் மருந்தையெல்லாம் நிறுத்துங்க, உடம்பே கழிவை வெளியேத்திடும்" என்றார். அக்காவைக் கையோடு அழைத்துவந்துவிட்டேன். உயிரைக் காக்கும் மாத்திரையைத் தாங்கிக்கொள்ளத்தான் ஊசி தேடுகிறோம். மாத்திரைக்குப் பதிலாக ஊசி என்று சொல்பவர் எத்தனை அன்பாகப் பேசினாலும் ஆபத்தானவர்.

ஜனவரி 23

டாக்டரம்மா காட்டிய இடம். அங்கே ஊசி போடும் பெண் முதலில் கேட்டது ரத்தப் பரிசோதனைச் சீட்டை. தட்டணுவோ வெள்ளணுவோ மிகக் குறைந்திருந்தால் குத்த மாட்டாராம். அடுத்து, "எந்தப் பக்கம் ஆபரேஷன்?" அக்குளில் நிணநீர்க் கணுக்கள் எடுத்த இடது கையைத் தொடவே இல்லை; வீங்கிவிடலாம் என்றார். புது உறையைக் கண்ணெதிரே பிரித்து, மயிரிழை ஊசிகளை வலது கையிலும் முழங்காலைச் சுற்றியும் செருகினார். "சுருக்குன்னுச்சு, அப்புறம் கனமா இருக்கு" என்ற அக்கா சற்று நேரத்தில் தூங்கிப்போனாள்.

மார்ச் 6

வலி போய்விடவில்லை. கேட்டால் "பரவாயில்லைடி" என்கிறாள். நேற்று தானே தேங்காய் துருவினாள். மாத்திரை ஒருநாளும் தவறவில்லை, எனக்கு அதுதான் பெரிது. இந்த மாத்திரை எலும்பையும் மெலியவைக்கும், அதற்கு ஊசி உதவாது. எலும்பின் அடர்த்தியைப் பார்க்க வியாழக்கிழமை டெக்ஸா ஸ்கேன். கால்சியம் பற்றியும் அன்றைக்கே கேட்க வேண்டும்.