மறுநாள் காலைக் கணக்கு

தருமபுரி நாலு ரோட்டிலிருந்து ஒகேனக்கல் அருவி வரை சுமார் 46 கிலோமீட்டர். அதைச் சைக்கிளில் கடக்க எனக்குப் பதினோரு மாதம் ஆனது. போன மாசியில் கிளம்பி, கணவாய் இறக்கத்தில் விழுந்து, தோளில் தூளியோடு வீடு திரும்பினேன். இந்தத் தையில், ஒரு சனிக்கிழமை விடியலில், அதே சைக்கிளை மறுபடி நாலு ரோட்டில் நிறுத்தி முதல் மிதி மிதித்தேன்.

பனி இன்னும் கலையவில்லை. பென்னாகரம் ரோட்டு மேம்பாலம் ஏறும்போது கீழே தண்டவாளம் மட்டும் மின்னியது. பாலம் சிறியதுதான். ஆனாலும் பெங்களூருக்கும் சேலத்துக்கும் போகும் அந்த ரயில் பாதையைத் தாண்டிய பிறகுதான் ஊரை விட்டு வந்துவிட்டதாக மனசு நம்புகிறது.

நான் சைக்கிள் கற்றது 11 வயதில், வாடகைக் கடையில் மணிக் கணக்கில் எடுத்த வண்டியில். சீட்டுக்குக் கால் எட்டாது. பாருக்கு அடியில் ஒரு காலை நுழைத்துக் குரங்குப் பெடல்தான். அதே காலத்தில், 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் துணையோடு ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டிருந்தார்கள். அப்போது அங்கே மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். அங்கே பெண்கள் ஏறிய அதே நேரத்தில் எங்கள் தெருவில் பெண்கள் இறங்கிக்கொண்டிருந்தோம். பத்தாவது முடித்ததும் ‘பெரிய பொண்ணு, இனி எதுக்கு’ என்றார்கள். இறங்கினேன். மறுபடி ஏற 28 வருடம் ஆனது. மகள் கல்லூரி விடுதிக்குப் போனபின் அவளுடைய கியர் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்து நின்றது. அதைத் துடைத்து எடுத்தபோது எனக்கு வயது 44.

முதல் மாதமே முட்டி வலித்தது. வயசாகிவிட்டது என்று நினைத்தேன். காற்று அடிக்கப் போன இடத்தில் கடைக்காரர் நான் ஏறி உட்காருவதைப் பார்த்துவிட்டு, “டீச்சர், சீட்டு ரொம்பத் தாழ்வா இருக்குதுங்க” என்றார். சீட்டில் உட்கார்ந்து, மிதியைக் கீழே இறக்கி, அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டியில் லேசான மடிப்பு மட்டும் மிஞ்சும். சீட்டு தாழ்ந்தால் ஒவ்வொரு மிதியிலும் முட்டி அதிகம் மடங்கி, சிரட்டை எலும்புக்குப் பின்னால் அழுத்தம் ஏறும். அவர் இரண்டு விரற்கடை உயர்த்தினார். பத்து நாளில் வலி போனது. வயதின் மேல் நான் போட்ட பழி பொய் என்று ஒரு ஸ்பேனர் காட்டியது.

அதகபாடி தாண்டியதும் ரோடு மெல்ல ஏறி இறங்குகிறது. இருபுறமும் புளியமரங்கள், மரவள்ளிக் காடு, இடையிடையே பட்டுப்புழுவுக்காக வளர்த்த மல்பெரி. இப்படி ஏறும் ரோட்டில் கனமான கியரில் நின்று மிதிப்பது முட்டிக்கு நல்லதல்ல. இலேசான கியரில், பேசும் அளவுக்கு மூச்சு இருக்கும்படி, காலைச் சீராகச் சுற்ற வேண்டும். எதிரே சிறப்பு வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் மூன்று பேர் வந்தார்கள். அரசு கொடுத்த சைக்கிள்கள். 2001இல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கி, சில வருடங்களில் மற்றப் பிள்ளைகளுக்கும் விரிந்த திட்டம் அது. நடுவில் வந்தவள் என் வகுப்பில் படித்தவள். கையை விட்டு வணக்கம் சொன்னாள். நான் கையை விடவில்லை. தலையை மட்டும் அசைத்தேன். அந்தத் துணிவு என் தோளுக்கு இன்னும் திரும்பவில்லை.

இண்டூரில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். இங்கிருந்து வடக்கே பாப்பாரப்பட்டி. சுப்பிரமணிய சிவா கண்மூடிய ஊர். 1908இல் வ.உ.சி.யோடு சிறை சென்று, 1912இல் வெளியே வந்தபோது அவர் உடம்பில் தொழுநோய் இருந்தது. நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்று வெள்ளை அரசு தடுத்தது. அவர் நடந்தார். நடக்க முடியாதபோது கட்டைவண்டியில் போனார். ஊர் ஊராகப் பேசினார். பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்ப வேண்டும் என்று பாப்பாரப்பட்டியில் இடம் வாங்கினார். 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23இல் அங்கேயே சிவா இறந்தார், 40 வயதில். கணவாயில் விழுந்து எனக்கு நேர்ந்த ஒரு காறையெலும்பு முறிவை அந்தத் துயரத்தோடு சேர்த்து எண்ண எனக்கு உரிமை இல்லை. ஆனால் படுத்திருந்த ஆறு வாரமும் அவரைத்தான் நினைத்தேன். உடம்பு விட்டுக்கொடுத்த அளவில் அவர் பயணம் செய்தார். ஒன்று மறுக்கப்பட்டபோது அடுத்ததை எடுத்துக்கொண்டார்.

பென்னாகரம் வந்து சேரும்போது வெயில் ஏறிவிட்டது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டீக்கடை. பெங்களூர் பஸ்ஸுக்குப் பைகளோடு ஒரு குடும்பம் நின்றது. இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து கட்டட வேலைக்குப் பெங்களூர் போகிறவர்கள் ஏராளம். டீ ஆற்றிக் கொடுத்த அம்மா என் தோளை நான் தடவிக்கொள்வதைப் பார்த்தார்.

“என்ன கண்ணு, அடியா?”

சொன்னேன். அவர் தன் வலக்கையை உயர்த்திக் காட்டினார். காதுக்கு மேல் போகவில்லை. சாரத்திலிருந்து விழுந்து எட்டு வருடமாம். கட்டுப் போட்டார்கள், கட்டு அவிழ்த்தார்கள், வேலைக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். அசைத்துப் பழக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

எனக்கும் முதலில் யாரும் சொல்லவில்லை. எலும்பு சேர்ந்துவிட்டது என்று அனுப்பிவைத்தார்கள். தூளியைக் கழற்றிய அன்றுதான் தெரிந்தது, எலும்பு சேர்ந்த நேரத்தில் தோள் இறுகிவிட்டது. கொண்டை போடக் கை பின்னால் போகவில்லை. நான் மாதச் சம்பளக்காரி. இயன்முறை மருத்துவரைத் தேடிப் போக எனக்கு நேரமும் பணமும் இருந்தன. 2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருவதும் உண்டு. அதை அந்த அம்மாவிடம் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கச் சொன்னேன். எட்டு வருடத்து இறுக்கம் எவ்வளவு இளகுமோ, ஆனால் கேட்டுப் பார்க்க அவருக்கு முழு உரிமை உண்டு.

எனக்குப் பயிற்சி தந்தவர் இளம்பெண். மேசையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, மறுகையைக் கடிகாரத் தொங்கல்போல ஆடவிடச் சொன்னார். பிறகு சுவரில் விரல்களை எறும்புபோல மேலே ஏற்றச் சொன்னார். வலித்தால் நிறுத்திவிடவா என்று கேட்டேன். “இன்னைக்குக் கொஞ்சம் வலிச்சா பரவால்லைங்க அக்கா. நாளைக்குக் காலைல என்ன சொல்லுதுன்னு பாருங்க” என்றார். மறுநாள் காலைக்குள் அடங்கிவிடும் வலி, உழைப்பின் வலி. மறுநாளும் கூடி நிற்கும் வலி, அளவு மீறியதன் வலி. சைக்கிளை மட்டும் நம்ப வேண்டாம் என்றும் சொன்னார். அது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்லது. மாதவிலக்கு நிற்கும் வயதில் எலும்பு மெலியாமல் காக்க, உடல் எடையைக் கால் தாங்கும் நடையும் பளு தூக்கலும் வேண்டும். அதனால் வாரத்தில் மூன்று நாள் நடந்தேன். மூன்று மாதம் கழித்துத்தான் ரோட்டில் ஓட்டினேன். முதல் நாள் 2 கிலோமீட்டர்.

பென்னாகரத்துக்கு அப்பால் மடம். ஒகேனக்கல்லிலிருந்து மோட்டார்கள் படிப்படியாக மேலேற்றும் காவிரித் தண்ணீர் இங்கே பெரிய தொட்டியில் சேர்ந்து, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குப் பிரிகிறது. எங்கள் பூமியின் நிலத்தடிப் பாறையிலிருந்து தண்ணீரில் புளோரைடு கரைகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் பல்லில் காவிக் கறை படியும். மேலும் போனால் எலும்பிலும் மூட்டிலும் இறங்கி உடம்பை விறைக்க வைக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் வகுப்பில் வாய்பொத்திச் சிரித்த பிள்ளைகளைப் பார்த்து முதலில் கூச்சம் என்று நினைத்தேன். ஜப்பானியக் கடனுதவியோடு 2008இல் தொடங்கி 2013 மே மாதம் திறந்த கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்தப் புளோரைடிலிருந்து காக்கத்தான் வந்தது. நான் இறங்கப்போகும் மலையில் தண்ணீர் ஏறி வருகிறது. என் எலும்பு சேர்ந்ததும் அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான்.

கணவாய் தொடங்கியது. இருபுறமும் காடு. யானை கடக்கும் இடம் என்று பலகைகள். ஏறுவதற்கு யாரும் பயப்படுவதில்லை, மூச்சு முட்டினால் இறங்கிவிடலாம். இறக்கத்தில்தான் பழைய அடி விழித்துக்கொள்கிறது. அன்று வளைவுக்குள் போனபின் பிரேக் பிடித்தேன். மணல். முன்சக்கரம் வழுக்கியது. விழும்போது கையை நீட்டினேன். எல்லோரும் அப்படித்தான் நீட்டுவோம். விழுந்த வேகம் உள்ளங்கையில் ஏறி, முழங்கை கடந்து, தோளுக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவே பாலமாக இருக்கும் அந்த மெல்லிய எலும்பில் போய் உடைந்தது. கழுத்தில் காறை அணியும் இடம் என்பதால் நாம் அதைக் காறையெலும்பு என்கிறோம். லத்தீனில் அதற்குச் ‘சின்னச் சாவி’ என்று பொருள்படும் பெயர். என்னை ஏற்றிக்கொண்டு போன லாரிக்காரர் வழியெல்லாம் புத்தூர் கட்டுக்குப் போகச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் தோள்துண்டுதான் என் முதல் தூளி.

இம்முறை வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து, மெல்ல விட்டு விட்டுப் பிடித்தேன். வெளிப்பக்க மிதியைக் கீழே அழுத்தி, பார்வையை வளைவு முடியும் இடத்தில் வைத்தேன். மூன்று வளைவு சரியாகப் போனது. நான்காவது அந்த இடம். தூரத்தில் பார்த்ததுமே இடக்கை விரல்கள் பிரேக் கம்பியில் விறைத்துவிட்டன. பிடிக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. காலூன்றி இறங்கினேன். உருட்டிக்கொண்டு நடந்தேன். சுமார் 200 அடி எடுத்து வைத்திருப்பேன். ஓரத்தில் மணல் அப்படியேதான் கிடந்தது. நடந்தால் ஓட்டியதாகுமா என்று உள்ளே ஒன்று கேட்டது. ரயில் மறுக்கப்பட்டவர் நடந்துபோன மாவட்டம் இது. வளைவு முடிந்ததும் ஏறி உட்கார்ந்தேன். விரல்கள் தளர்ந்திருந்தன.

பிறகு காற்றில் மீன் வறுவல் வாசனை. அருவி இரைச்சல். ஒகேனக்கல்.

பரிசல் துறைக்கு மேலே எண்ணெய்க் கிண்ணங்களோடு மாலிஷ் செய்கிறவர்கள். பெண்களுக்குத் தேய்த்துவிடும் ஓர் அம்மாவிடம் தோளைக் காட்டினேன். விரலால் காறையெலும்பைத் தடவி, நடுவில் நின்றார். “இங்க மேடா ஒட்டியிருக்குது. இதுல கை வெக்க மாட்டேன். முதுகும் காலும் தேய்க்கிறேன்” என்றார். முறிந்த எலும்பு தன்னைத் தானே கட்டிக்கொள்ளும்போது கொஞ்சம் அதிகமாகவே கட்டிக்கொள்கிறது. அந்த மேடு நாளடைவில் தேயும், முழுதாக மறையாமலும் போகலாம். எதைத் தொடக்கூடாது என்று அறிந்த அந்தக் கைக்கு என் முதுகைக் கொடுத்துக் கண்ணை மூடினேன்.

மாலையில் தம்பி குட்டியானை வண்டியோடு வந்து என்னையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டான். கணவாயை எண்ணாமலே தூங்கிவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் எழாமல் படுத்தபடி உடம்பைக் கேட்டேன். தொடைகள் கனத்தன. முட்டி பேசவில்லை. இடத்தோளில் ஓர் இழுப்பு இருந்தது, கையை இரண்டு முறை சுழற்றியதும் இளகியது. தெருவில் பக்கத்து வீட்டு அக்கா, “ஒகேனக்கல் தண்ணி வந்திருச்சு” என்று குரல் கொடுத்தார். குழாயடிக்குப் போய்க் குடத்தை வைத்தேன். நான் இறங்கிய மலையை ஏறி வந்த தண்ணீர் நிரம்பியது. பதினோரு மாதமாக வலது இடுப்பில் மட்டுமே சுமந்த குடத்தை இடது கையால் தூக்கி, இடது இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.