மேல்பூச்சு

ஆசிரியர் என்னிடம் கேட்டது ஒரு கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை. இரண்டு பக்கம் எழுதியும் வைத்திருந்தேன். அது வராமல் இது வருவதற்குக் காரணம் என் கார்.

2004-ல் செய்த வண்டி. 2012-ல் செகண்ட்ஹாண்டாக வாங்கினேன். சாம்பல் கலந்த நீலம், உலோகத் துகள் மினுங்கும் ரகம். திருவான்மியூரில் எங்கள் தெருவில் நிழல் கிடையாது. பகல் பூராவும் வெயில், ராத்திரி கடல்காற்று. மூன்று வருஷங்களுக்கு முன் பானெட்டில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வெளிறிய புள்ளி தென்பட்டது. காக்கை எச்சம் என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். ஒரு செதில் எழும்பி வந்தது. வெங்காயச் சருகு மாதிரி, ஆனால் அதில் நிறமே இல்லை. இன்னும் கொஞ்சம் உரித்தேன். அதில் ஒரு சுகம் இருந்ததை மறைப்பதற்கில்லை. ஆறிவரும் புண்ணின் பொருக்கைப் பெயர்க்கிற சுகம். அடுத்த கோடைக்குள் பானெட்டில் பாதி போய்விட்டது. கூரையும் டிக்கியும் பால் தெளித்த மாதிரி மங்கின. வெயில் நேராக விழும் இடங்கள் மட்டும்தான். கதவுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பட்டறைக்குக் கொண்டுபோனேன். பெயிண்டர் அறுபதைத் தாண்டியவர், அம்பாஸடர்களோடு தொழில் ஆரம்பித்தவர்.

"அந்த வண்டிக்கெல்லாம் ஒரே பெயிண்டு சார். கலரும் அதுதான், பளபளப்பும் அதுதான். வெளுத்துப்போச்சுன்னா காம்பவுண்டு போட்டுத் தேய்ப்போம், துணியில கலர் ஏறும், வண்டி பழையபடி மின்னும். இது கலர் ஒண்ணு, மேல கண்ணாடி ஒண்ணு. கண்ணாடி போச்சுன்னா போச்சு. தேய்க்கத் தேய்க்க இன்னும்தான் போகும்."

அவர் சொன்னதை அப்புறம் படித்தும் தெரிந்துகொண்டேன். நிறமுள்ள அடுக்கு சுமார் 15 மைக்ரான். அதன்மேல் நிறமில்லாத க்ளியர் 40, 50 மைக்ரான். இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு தலைமயிரின் பருமன். க்ளியரில் புறஊதாக் கதிரை உறிஞ்சும் ரசாயனங்கள் கலந்திருக்கும். வருஷக்கணக்கான வெயிலில் அவை தீர்ந்துபோகின்றன. பிறகு கதிர் உள்ளே இறங்கி இரண்டு அடுக்கும் சேரும் இடத்தில் பிடிப்பை அரிக்கிறது. விளிம்பில் தண்ணீர் நுழைகிறது. இதில் என்னை உறுத்தியது வேறொன்று. நிறம் தன்னளவில் மங்கலானது, சுண்ணாம்புச் சுவர் போல. அந்த நீலத்தின் ஆழம் என்று நான் பத்து வருஷம் பார்த்துக்கொண்டிருந்தது நீலத்தில் இல்லை.

என் மதிப்புரையின் இரண்டாம் பத்தியில், இந்தக் கவிதைகளின் மேல் ஒரு பளபளப்பு, சுரண்டினால் உள்ளே ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தேன். இருபது வருஷமாக வெவ்வேறு பேர்களுக்கு நான் எழுதிவருகிற வாக்கியம்தான். எழுதும்போதும் ஒரு சுகம் உண்டு. அது நகத்தின் சுகம் என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

பானெட், கூரை, டிக்கி மூன்றுக்கும் பெயிண்டர் 22,000 கேட்டார். கொடுக்க மனம் வரவில்லை. டப்பாவில் வரும் க்ளியர் வாங்கி, விளிம்புகளை 400-லும் 800-லும் வாட்டர் பேப்பர் போட்டு இழைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே அடித்தேன். இரண்டு மாசம் நன்றாகவே இருந்தது. ஐப்பசி மழையில் பழைய விளிம்பை ஒட்டி மறுபடி தூக்கிக்கொண்டது. பிடிப்பு விட்டுக்கொண்டிருப்பதன் மேல் புதிது நிற்காது. பழையதைப் பூராவும் எடுக்க வேண்டும். நான் எடுக்கவில்லை.

விற்றுவிடலாம் என்று தீர்மானித்தேன். புரோக்கர் ஒரு சிலிகான் பாலிஷ் கொடுத்தார். கூரையிலும் டிக்கியிலும் தடவினால் மங்கல் ஒரு வாரத்துக்குத் தெரியாது. "பானெட்டுக்குத் தண்ணியே போதும் சார். ஆறு மணிக்கு மேல வரச்சொல்லுங்க." உண்மைதான். உரிந்த இடத்தில் தண்ணீர் பட்டால் நிறம் உடனே உயிர்பெற்றுவிடும். வண்டி கழுவும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன்.

ஒரு பையன் வந்தான், முதல் வேலை, முதல் கார். கூட அவன் அப்பா. "இப்பத்தான் கழுவினேன்" என்றேன். அதில் பொய் இல்லை. பையன் எஞ்சின் பற்றிக் கேட்டான், நான் சொன்னேன். ஜாஸ்தியாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதற்குள் கடல்காற்று பானெட்டை உலர்த்திவிட்டது. விளிம்பு முதலில் வெளுத்துத் தெரிந்தது, பிறகு உள்ளே, திட்டுத் திட்டாக, மூன்று பேர் கண்முன்னாலும். பையன் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா பானெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கூரைமேல் கை வைத்து எடுத்து, விரல்களைத் தேய்த்துப் பார்த்து வேஷ்டியில் துடைத்துக்கொண்டார்.

"நல்லாக் கழுவியிருக்கீங்க சார். வாடா, போகலாம்."

வண்டி இப்போது பெயிண்டரிடம் இருக்கிறது. நான் தடவிய சிலிகான் எங்காவது மிச்சமிருந்தால் புதுப் பெயிண்ட் அந்த இடத்தில் ஒதுங்கி, மீன்கண் போலக் குழிகுழியாக நிற்குமாம். அதைத் துடைத்தெடுக்கவே ஒரு நாள் கூலி கேட்கிறார். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டுதான் க்ளியர் அடிக்கிறார். அதன் ஹார்டனரில் இருக்கும் ஐசோஸயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது, கைக்குட்டை அதற்குப் பிரயோஜனமில்லை. சொன்னேன். "இத்தனை வருஷம் ஆச்சு சார்" என்று சொல்லி இருமினார்.

மதிப்புரையிலிருந்து அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன். அது போனபின் இரண்டு பக்கத்தில் அரைப் பக்கம்தான் நிற்கிறது. கவிதைகளை மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன்.