தண்ணீர் பாட்டில் தூக்கும் பருவம்

தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் (டி.என்.பி.எல்.) முதல் கோப்பையை 2016-இல் தூக்கியது டூட்டி பேட்ரியாட்ஸ். இறுதி ஆட்டத்தில் சேப்பாக்கம் சூப்பர் கில்லீஸை 122 ரன் வித்தியாசத்தில் நொறுக்கிய அணி. பெயர் தூத்துக்குடியுடையது, ஆட்டங்களோ சென்னையிலும் நத்தத்திலும் திருநெல்வேலியிலும். துறைமுகத்து ரசிகர்கள் தங்கள் ஊர் அணியைப் பார்க்க திருநெல்வேலி சங்கர்நகருக்கு பஸ் ஏற வேண்டியிருந்தது. சில வருடங்களில் அணியும் சேலத்தின் பெயருக்கு மாறிப்போனது. ஊருக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் இன்றும் உண்டு.

ஒரு பையனுக்கு மட்டும் மிஞ்சியது. 2017 சீசனில் வாஷிங்டன் சுந்தருக்கு வயது 17. சில மாதங்களுக்கு முன் ஐ.பி.எல்.லில் புனே அணிக்குச் சுழற்பந்து போட்டவர். பந்துவீச்சாளர் என்றே உலகம் அறிந்த அவரை டூட்டி தொடக்க ஆட்டக்காரராக இறக்கியது. அந்த சீசனில் 459 ரன், 15 விக்கெட். வருடக் கடைசியில் இந்தியத் தொப்பி.

கதை அங்கேயே முடிந்திருந்தால் சுலபம். அதன் பிறகுதான் காயங்களும் காத்திருப்பும். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டில் ஆடியதே, வலைப்பயிற்சிக்குப் பந்து போடத் தங்கியிருந்தவர் என்பதால் கிடைத்த வாய்ப்பு; முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட், 62 ரன், ஷர்துல் தாக்கூரோடு 123 ரன் கூட்டணி. அந்த வருடம் நான்கு டெஸ்ட். பிறகு மூன்றரை வருடம் டெஸ்ட் பக்கமே இல்லை. 2024 ஐ.பி.எல்.லில் சன்ரைசர்ஸ் அவருக்குக் கொடுத்தது இரண்டே ஆட்டம்.

அந்த அக்டோபரில் டெல்லிக்கு எதிராக ரஞ்சி ஆடப் போனார். தமிழ்நாடு அவரை மூன்றாவதாக அனுப்பியது, 152 ரன். அடுத்த வாரமே புனேயில் நியூசிலாந்துக்கு எதிராக டெஸ்ட். 59 ரன்னுக்கு 7 விக்கெட்.

தடுமாறும் இளைஞனை ஆட விடுவதா, உட்கார வைப்பதா என்று டீக்கடையிலும் தேர்வுக் குழுவிலும் ஒரே கேள்விதான் ஓடுகிறது. ‘பொறுமையா இருங்க, முத்து விளைய நாளாகும்’ என்று தூத்துக்குடிக் கடற்கரைக்காரர் சொல்லக்கூடும். சொல்ல உரிமையும் உண்டு. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களை அந்தக் காலத்தில் அரசு ஆட்கள் போய்ச் சோதிப்பார்கள். மாதிரிக்குச் சிப்பி எடுத்து, ஆயிரம் சிப்பிக்கு எவ்வளவு தேறும் என்று மதிப்பிட்டு, விளையவில்லை என்றால் குளிக்க அனுமதி கிடையாது. அவசரப்பட்டால் பிஞ்சு வீணாகும். அதிகம் காத்தால் சிப்பியே செத்துப்போகும். இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல்.

ஆனால் இந்த உவமை ஆட்டக்காரனுக்குப் பாதிதான் பொருந்தும். பாரில் கிடக்கும் சிப்பியைத் தொடாமல் விடுவதே அதை வளர்ப்பது. பையனைத் தொடாமல் விட்டால் அவன் வளர்வதில்லை, துருப்பிடிக்கிறான். தூத்துக்குடியிலேயே இன்னொரு விதமான காத்திருப்பும் நடந்திருக்கிறது. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி இங்கே வளர்ப்பு முத்து எடுத்தார். சிப்பிக்குள் கரு வைத்து, கடலில் தொங்கவிட்டு, பராமரித்து எடுத்தது. நாள் அதற்கும் ஆனது. ஆனால் யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

பெஞ்சுக்கு வக்காலத்து வாங்குபவர்கள் உடனே வேகப்பந்து வீச்சாளர் நடராஜனைக் காட்டுவார்கள். 2018, 2019 இரண்டு சீசனும் சன்ரைசர்ஸில் ஓர் ஆட்டம்கூட இல்லை. 2020-இல் 16 விக்கெட், டிசம்பரில் கான்பெராவில் இந்திய அணி. உட்கார்ந்ததால் வந்த பலன் என்கிறார்கள். அது சரியில்லை. 2015-இல் பந்துவீச்சு முறையில் சந்தேகம் கிளப்பப்பட்டபோது அவர் கையசைவையே புதிதாகக் கட்டிக்கொண்டவர். சன்ரைசர்ஸ் பெஞ்சில் இருந்த காலத்திலும் தமிழ்நாட்டுக்காகப் பந்து போட்டார். பெஞ்ச் டி.வி.யில் தெரிந்தது, மற்றது தெரியவில்லை, அவ்வளவுதான்.

பேஸ்பாலில் இந்தச் சண்டை நம்மைவிடப் பழசு. 1951-இல் நியூயார்க் நகரிலேயே இரண்டு புதுப் பையன்கள். ஜயன்ட்ஸ் அணியின் வில்லி மேஸ் தொடக்கத்தில் 26 முறை மட்டை பிடித்து ஒரே ஒரு ஹிட் அடித்தார். அழுதவரை மேலாளர் லியோ டுரோச்சர் நீக்க மறுத்தார். வருடக் கடைசியில் சிறந்த அறிமுக வீரர் விருது. யாங்கீஸின் மிக்கி மேன்டிலையோ ஜூலையில் கேன்சஸ் சிட்டியின் கீழ்நிலை அணிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேயும் முதலில் தடுமாற்றம், ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்ற யோசனை. பிறகு அடித்துத் தள்ளி ஆகஸ்டிலேயே திரும்பினார். அந்த அக்டோபர் உலகத் தொடரில் இருவரும் எதிரெதிரே. ஒருவரை வைத்துக்கொண்டார்கள், ஒருவரை இறக்கினார்கள். இருவருமே தினமும் மட்டை பிடித்தார்கள் என்பதை மட்டும் கவனிக்கத் தவறுகிறோம்.

அப்படித் தொடர்ந்து ஆட கிரிக்கெட்டுக்கு ரஞ்சி இருக்கிறது, டி.என்.பி.எல். இருக்கிறது. ஆனால் தூத்துக்குடி மாவட்டத்தின் சொந்த ஆட்டம் ஹாக்கி. அதன் தலைநகரம் கோவில்பட்டி. அங்குள்ள சிறப்பு விடுதியில் பயின்ற கார்த்தி செல்வமும், அந்த ஊர்க்காரரான மாரீஸ்வரன் சக்திவேலும் 2022 ஆசியக் கோப்பைக்குப் போனார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் போட்டார். இவர்களைக் கொண்டாடியாயிற்று. இவர்களோடு அதே தரையில் ஓடி, தேர்வில் ஒரு நாள் சொதப்பி, பட்டியலுக்கு வெளியே நின்ற பத்தொன்பது வயதுக்காரன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கே ஆடுவான் என்பதுதான் கேட்க வேண்டியது. லட்சுமி அம்மாள் நினைவுப் போட்டி வருடத்துக்கு ஒரு முறை பெரிய அணிகளை ஊருக்கு அழைத்து வருகிறது. மீதி மாதங்களுக்கும் ஒழுங்கான லீக் ஒன்று வேண்டும். பரிசுத் தொகை குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, ஆட்டங்கள் நிறைய இருக்க வேண்டும்.