ஆஷ்காஷுக்கு மகனோடு ஒரு பயணம்

சிகாகோவிலிருந்து வடக்கே மூன்று மணி நேரம் கார் ஓட்டினால் விஸ்கான்சினின் ஆஷ்காஷ். ஜூலைக் கடைசியில் ஒரு வாரம் அந்தச் சின்ன ஊர் திருவிழாக் கோலம் பூணும். அந்த வட்டாரத்தில் வந்து இறங்கும் விமானங்களே 10,000க்கு மேல். இறக்கைக்குக் கீழே கூடாரம் அடித்து, அங்கேயே சமைத்துச் சாப்பிடுகிறார்கள்.

நாங்கள் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. என் 15 வயது மகன், விலைக்கு வந்த ஒரு பழைய ஹேங் கிளைடரைப் பார்த்து வைத்திருந்தான். வெறும் துணி இறக்கை இல்லை. உள்ளே கார்பன் ஃபைபர் வைத்த விறைப்பான இறக்கை, 35 கிலோ. அதற்குக் கீழே இருக்கை, சக்கரம், எஞ்சின் எல்லாம் மாட்டி வரைந்த படம் அவன் பையில் இருந்தது.

"சட்டப்படி ஓகேப்பா" என்றான். தேடிப் படித்தேன், உண்மைதான். 1982இல் வந்த பார்ட் 103 விதிப்படி, ஒருவர் மட்டும் ஏறும், 254 பவுண்டுக்குக் குறைவான, 5 கேலனுக்கு மேல் எரிபொருள் கொள்ளாத அல்ட்ராலைட்டுக்கு லைசென்ஸ் வேண்டாம். வயது வரம்புகூட இல்லை. அப்படியென்றால் 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டிய ஆள் நான்தான். எனக்கு வாய் வரவில்லை. என் அப்பா எனக்குச் சொன்ன 'வேண்டாம்' ஒன்றையும் நான் மறக்கவில்லை.

பெரிய ஓடுதளங்களின் இரைச்சலைத் தாண்டி, தெற்குப் பக்கம் ஒரு புல் ஓடுதளம். காற்று அடங்கிய காலையிலும் மாலையிலும்தான் இந்தத் தும்பிகள் பறக்கும். 1976இல் இதே ஆஷ்காஷில்தான் ஜான் மூடி, ஈஸி ரைசர் என்ற வாலில்லாத இரட்டை இறக்கைக் கிளைடரில் சின்ன எஞ்சினை மாட்டி, அதைச் சுமந்துகொண்டு ஓடியே மேலே எழும்பிக் காட்டினார். அந்த இறக்கைக்கு மூலம், கலிஃபோர்னியாவில் டராஸ் கிசெனியுக் பதின்வயதில் வடிவமைத்த இக்காரஸ். இதை மகன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். எதற்கென்று எனக்குத் தெரியாதா?

தன் விமானத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் படத்தை நீட்டினான். சிரித்துவிடுவார் என்று பயந்தேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். பிறகு, "இந்த இறக்கை எவ்வளவு எடையைத் தாங்கச் செய்தது?" என்று கேட்டார்.

மகன் விழித்தான்.

அவர் பொறுமையாக விளக்கினார். கிளைடரில் தொங்குவது ஒரு மனிதர் மட்டும். உன் படத்தில் நீ 60 கிலோ. எஞ்சின், சட்டம், சக்கரம், எரிபொருள் இன்னும் 65. சட்டம் விமானத்தின் எடையைத்தான் கேட்கும், இறக்கையின் பலத்தைக் கேட்காது. திரும்பும்போதும் காற்று தூக்கியடிக்கும்போதும் சுமை பல மடங்காகும். எஞ்சினை எடைமையத்துக்கு மேலே வைத்தால் அது மூக்கைக் கீழே தள்ளும். சரிக்கட்ட இதற்கு வாலும் இல்லை. சக்கரம் தரையில் மோதும் அடியையும் இந்த இறக்கை இதுவரை வாங்கியதில்லை.

"அப்போ முடியாதா?" என்றான்.

"அப்படிச் சொல்லவில்லையே. இறக்கையைத் தலைகீழாகத் தாங்கி வைத்து, மணல் மூட்டை அடுக்கிப் பார். குறைந்தது நாலு மடங்கு. உடைந்தால் தரையிலேயே உடையட்டும்."

நான் ஆறு மாதமாகத் தேடிய வார்த்தை அது. திரும்பும் வழியில் நான் என் நிபந்தனையைச் சொன்னேன்: முதலில் இரண்டு பேர் அமரும் விமானத்தில் பயிற்சியாளரோடு பறந்து பழகு, பிறகு மணல், அதற்குப் பிறகு பேசுவோம். பதில் இல்லை. கோபித்துக்கொண்டான் என்று நினைத்தேன்.

மில்வாக்கி தாண்டியதும் போனிலிருந்து தலை நிமிர்த்தினான்.

"அப்பா, 50 பவுண்டு மூட்டை 22 வேணும். நம்ம வேன்ல ரெண்டு தடவை போகணும்."