இரண்டு கடதாசிகள்

எமது பாடசாலையில் ஒருநாள் இலவச மருத்துவ முகாம் நடைபெற்றது. ஆசிரியரும் சிற்றூழியரும் ஒரே வரிசையில் நின்று குருதி கொடுத்தோம். எமக்கு வந்த கடதாசியில், நூறு மில்லிலீற்றர் குருதியில் மொத்தக் கொலஸ்திரோல் 236 மில்லிகிராம் என்றிருந்தது. நாம் கலங்கினோம். இரவுக் காவலாளியின் கடதாசியிலோ 188. "எனக்கு ஒன்றுமில்லை, ஐயா" என்று அவர் மகிழ்ந்தார். நாமும் அவ்வாறே நம்பினோம்.

வைத்தியர் எம் இருவரையும் ஒருங்கே இருத்தி விளக்கினார். கொழுப்பு நீரிற் கரையாது. ஆதலால் புரதத்தோடு சேர்ந்த துணிக்கைகளாகவே அது குருதியிற் செல்கிறது. அடர்த்தி குறைந்த துணிக்கைகள் மிகுந்தால் அவை நாடிச் சுவரிற் படிந்து வழியை ஒடுக்கும். அடர்த்தி கூடியவை மிகுந்திருத்தல் பொதுவாக நல்ல அறிகுறி. மொத்தக் கணக்கு இவற்றைக் கூட்டிக் காட்டுமேயன்றிப் பிரித்துக் காட்டாது. அன்றியும், வயது, புகைத்தல், குருதியமுக்கம், நீரிழிவு ஆகியவற்றையுஞ் சேர்த்தே அபாயத்தை மதிப்பிடல் வேண்டும். அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் நகரில் 1948இல் 5,209 பேருடன் தொடங்கிய ஆய்வு இதனை உலகறியச் செய்தது.

காவலாளிக்கு வயது ஐம்பத்தெட்டு. குருதியமுக்கம் அதிகம். இரவு முழுவதும் பீடி. எம்மிலும் அவருக்கே அபாயம் மிகுதி என்றார் வைத்தியர்.

பீடியை விடச் சொல்வது எளிது. பன்னிரண்டு மணிநேரம் தனித்து விழித்திருப்பவர் எதனைத் துணைகொள்வார்? இலண்டனில் 1967இல் தொடங்கிய வைட்ஹோல் ஆய்வு எம் நினைவுக்கு வந்தது. ஆண் அரசாங்க ஊழியரை ஏழரை ஆண்டுகள் அவதானித்து 1978இல் வெளியிட்ட முடிவின்படி, உயர்நிலை நிர்வாகிகளைவிடக் கடைநிலை ஏவலாளரிடையே இதயநாடி நோயால் நேர்ந்த மரணம் 3.6 மடங்கு. புகைத்தல், குருதியமுக்கம், கொலஸ்திரோல் யாவற்றையும் கணக்கிற்கொண்ட பின்னரும் அவ்வேற்றுமை பெரிதும் எஞ்சி நின்றது. பதவிப் படிநிலையும் மனிதனின் இதயத்தைத் தாக்குகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

இன்று காவலாளி அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக்குக்குச் செல்கிறார். மருந்து இலவசம், ஆயினும் இரவு வேலை முடித்து, உறங்காமலே வரிசையில் நிற்கிறார். கிளினிக்குக்கு முந்திய இரவு அவருக்குச் சம்பளத்துடன் விடுப்பு வேண்டுமென எமது சங்கத்தில் பேச இருக்கிறோம். வாசகரே, உங்கள் பாடசாலைக் காவலாளியின் கடதாசியையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.