பால் கணக்கு நோட்டு

மார்த்தா பல்லார்ட் ஒரு மருத்துவச்சி. அமெரிக்காவின் மெய்ன் பகுதியில், கென்னபெக் ஆற்றங்கரையிலுள்ள ஹாலோவெல் அவர் ஊர். 1785 முதல் 1812இல் இறக்கும்வரை 27 ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதினார். 816 பிரசவங்கள், வானிலை, நெசவு, தோட்டம், ஞாயிறு வழிபாட்டுக்குப் போனது, போகமுடியாதது எல்லாம் அதில் உண்டு.

வெறும் வீட்டுவேலை விவரம் என்று வரலாற்றாசிரியர்கள் ஒதுக்கினார்கள். அதைக் கொண்டே 1990இல் லாரல் தாட்சர் உல்ரிச் ஒரு நூல் எழுதினார். மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றார்.

அந்த 'வெறும் விவரங்களுக்கு' நடுவில்தான் 1789ஆம் ஆண்டின் வல்லுறவுப் புகாரும் இருக்கிறது. சொன்னவர் ஊர்ப் பாதிரியாரின் மனைவி. குற்றம்சாட்டப்பட்டவர் நீதிபதி. அவர் விடுதலையானார். அந்தப் பெண் தன்னிடம் சொன்னதை மார்த்தா எழுதிவைத்த வரிகள் இன்றும் இருக்கின்றன.

இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் கம்மும். அம்மா போன பிறகு அவளுடைய பால் கணக்கு நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டவள் நான். பெண்ணெழுத்தில் முனைவர் பட்டம் வாங்கியவள். எண்களுக்குப் பக்கத்தில் அம்மா பென்சிலால் ஏதோ எழுதியிருந்தாள்.

நான் படிக்கவில்லை.