தாப்பா மலைப்பாதையில் ஒரு பழைய பிக்கப்



கேமரன் மலைக்குப் போகாத தோட்டத்துக் குடும்பங்கள் நம்மில் குறைவு. பள்ளி விடுமுறையில் பேருந்து எடுத்துப் போய், தேயிலைச் சரிவில் நின்று படம் பிடித்து, திரும்பும்போது முட்டைக்கோசும் ரோசாச் செடியும் வாங்கி வருவோம். நான் சொல்லப் போவது அப்படிப்பட்ட உல்லாசப் பயணம் அன்று. ஒரு பழைய பிக்கப் வண்டியில், ஒருவரின் நாற்பத்திரண்டு ஆண்டு வாழ்க்கையை ஏற்றிக்கொண்டு இறங்கிய பயணம். உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு பழைய வண்டி நிற்கலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் சின்னம்மா மலையில் கொழுந்து பறித்தவர். அறுபது வயது நிறைந்ததும் வேலை முடிந்தது. வேலை முடிந்தால் லயத்து வீடும் முடிந்தது என்பது நமக்குத் தெரியாத செய்தியா? "மாதக் கடைசிக்குள்ள வீட்டைக் கொடுக்கணுமாம், ஐயா" என்று தொலைபேசியில் சொன்னார். கூலி லோரிக்குக் கேட்ட தொகை பெரிதாகத் தெரிந்தது. "நம்ம வண்டி இருக்கே, சின்னம்மா! நானே வந்து ஏத்திக்கிட்டு வர்றேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நம்ம வண்டி என்றேனே, அது 1994-இல் பதிவான டொயோட்டா ஹைலக்ஸ். 2.4 லிட்டர் டீசல் இயந்திரம். முன்னால் மூவர் உட்காரலாம், பின்னால் திறந்த தட்டு. ஒரு காய்கறி வியாபாரியிடம் வாங்கினேன். பள்ளி முடிந்த மாலை வேளைகளில், பதினான்கு வயது மகன் விளக்குப் பிடிக்க, நானே அதைச் செப்பனிட்டு வந்தேன். துருப்பிடித்த தட்டுக்குத் தகடு அடித்தேன். ரேடியேட்டரைக் கழுவி, வெடிப்புக் கண்ட ரப்பர் குழாயை மாற்றினேன். ஃபேன் பெல்ட் புதிது போட்டேன். பேட்டரி முனைகளில் பூத்திருந்த உப்பை வெந்நீர் ஊற்றிக் கழுவி, கிரீஸ் தடவினேன். இவ்வளவும் நல்ல வேலைதான்.

அத்தோடு நின்றிருக்கலாம். சாமான் ஏற்றினால் பின்பக்கம் தாழுமே என்று, பழைய உதிரிப்பாகக் கடையில் ஒரு ஸ்பிரிங் பட்டை வாங்கி, பின் சக்கர ஸ்பிரிங் அடுக்கோடு சேர்த்துக் கட்டினேன். வண்டியின் பின்பக்கம் இரண்டு அங்குலம் உயர்ந்து கம்பீரமாக நின்றது. "வாத்தியாரு மெக்கானிக் ஆயிட்டாரு!" என்று அண்டை வீட்டார் சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் நானும் மகனும் புறப்பட்டோம். தாப்பாவைத் தாண்டியதும் பாதை காட்டுக்குள் நுழைந்து வளையத் தொடங்கிவிடும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பூர்வகுடி மக்கள் மூங்கில் பந்தலிட்டுப் பெத்தாயும் தேனும் விற்கிறார்கள். 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இம்மலைப் பகுதிக்கு வந்து சென்றதால் அவர் பெயர் நிலைத்தது. ஆனால் 1929-க்குப் பின் காட்டை அழித்துத் தேயிலை நட்ட கைகளில் நம்மவர் கைகள் எத்தனை! அவர்களின் பெயரில் ஒரு வளைவுகூட இல்லையே என்று மகனிடம் சொல்லிக்கொண்டே போனேன்.

வண்டி மலையேறியது. வெப்பமுள் பாதியைத் தாண்டவில்லை. நான் மாற்றிய குழாய் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. ரிங்லெட் வந்ததும் காற்றுக் குளிர்ந்தது. 1960-களில் மின்சாரத்திற்காக அணை கட்டித் தேக்கிய ஏரி சாலையோரம் தெரிந்தது. அதைக் கடந்து, பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற சரிவுகளுக்கு நடுவே சின்னம்மாவின் லயம்.

ஓர் இரும்புக் கட்டில், இரண்டு அலமாரி, தையல் இயந்திரம், அரிசிப் பீப்பாய், அம்மி, சாமிப்படங்கள், எட்டு ரோசாத் தொட்டிகள். எல்லாவற்றையும் ஏற்றிக் கயிறு கட்டினோம். அத்தனை பாரத்திற்கும் வண்டியின் பின்பக்கம் தாழவே இல்லை. "பார்த்தாயா?" என்று மகனைப் பார்த்துச் சிரித்தேன். சின்னம்மா வாசலைக் கூட்டி, சாவியை மண்டோரிடம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்து ஏறிக்கொண்டார்.

இறங்கும்போது அவசரம் வந்துவிட்டது. மழைக்கு முன் தாப்பாவை அடைய வேண்டுமென்று, மூன்றாம் நான்காம் கியரில் விட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தே இறங்கினேன். ரிங்லெட்டைத் தாண்டி வெகுதூரம் வந்தபின் ஏதோ கருகும் நாற்றம். அடுத்த வளைவில் மிதித்தேன். மிதிகட்டை பஞ்சுபோல் உள்ளே போயிற்று. வண்டி நிற்கவில்லை!

உடல் வியர்த்துவிட்டது. மிதிகட்டையை மீண்டும் மீண்டும் மிதித்தேன். மூன்றுக்கும் பின் இரண்டுக்கும் கியரை இறக்கினேன். இயந்திரம் அலறியது. கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். எதிரே காய்கறி லோரி ஒன்று வந்து உரசாத குறையாகக் கடந்தது. நல்ல வேளை, லாத்தா இஸ்கண்டார் அருவிக்குச் சற்று முன்னால் சாலையோரம் அகன்றிருந்தது. அங்கே ஒதுக்கி நிறுத்தினேன். மகனின் கை என் சட்டையைப் பற்றியிருந்தது.

முன் சக்கரங்களிலிருந்து புகை. மகன் அருவி நீரை மொண்டுவர ஓடினான். தடுத்துவிட்டேன். கொதிக்கும் இரும்பில் தண்ணீர் ஊற்றினால் வெடிப்பு விழும், கோணிப் போகும். சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் காத்திருந்தோம்.

சின்னம்மா என்னைத் திட்டவில்லை. "மலையில ஏர்றது பெரிசில்ல, ஐயா. கூடையில கொழுந்து நிறைஞ்ச பிறகு சரிவுல இறங்கணும் பாரு, அப்பதான் கால் வெரலை ஊனி ஊனி இறங்கணும். ஓடுனா நிக்க முடியாது" என்றார். பயிற்சிக் கல்லூரியில் பட்டயம் பெற்ற எனக்கு அதற்கு மேல் என்ன பாடம் வேண்டும்? ஆறியதும் பிரேக் ஓரளவு திரும்பியது. இரண்டாம் கியரிலேயே, நடைவேகத்தில் ஊர்ந்து தாப்பா சேர்ந்தோம்.

மறுநாளே ஒரு வயதான சீன மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அடியில் படுத்துப் பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார். பின் அச்சிலிருந்து ஒரு கம்பி மேலே வால்வு ஒன்றுக்குப் போகிறது. பாரம் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் அந்த வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், உயர்ந்திருந்தால் குறைக்கும். நான் பட்டை சேர்த்து உயர்த்தியதால், தலைக்கு மேல் பாரம் இருந்தும் வண்டி காலியென்றே அது நினைத்துக்கொண்டது! பின் சக்கரங்கள் சரிவரப் பிடிக்காமல், முன் சக்கரங்களே முழுச் சுமையையும் தாங்கிச் சூடேறிவிட்டன.

இன்னொரு குற்றமும் என்னுடையதே. பிரேக் எண்ணெயை நான் மாற்றியதே இல்லை. அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை, புதிதாக இருந்தால் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு நீர் சேர்ந்துவிட்டால் 140 பாகையிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழி உண்டாகும். மிதிக்கும்போது குமிழிதான் நசுங்கும், பிரேக் பிடிக்காது. பஞ்சுபோல் உள்ளே போன மிதிகட்டையின் இரகசியம் இதுதான்.

அன்பர்களே, சொந்தமாகப் பழுதுபார்க்க வேண்டாமென்று நான் சொல்லவில்லை. நம் வருமானத்திற்கு அது அவசியம். பிள்ளைகளுக்கும் நல்ல பயிற்சி. எண்ணெய் மாற்றுங்கள், காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள், பெல்ட்டையும் ரப்பர் குழாயையும் பாருங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் சூட்டோடு திறக்காதீர்கள். ஆனால் வண்டியை நிறுத்துவது, திருப்புவது, பாரம் தாங்குவது ஆகிய மூன்றிலும் கை வைக்குமுன் தெரிந்தவரைக் கேளுங்கள். வண்டியின் அமைப்பை மாற்றுவதானால் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியும் வேண்டும். பிரேக் எண்ணெயை இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்து, இயந்திரமே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி இறங்குங்கள்.

லோரிக் கூலியில் நான் மிச்சம் பிடிக்க நினைத்த பணம், மெக்கானிக்கிடம் கொடுத்ததைவிடக் குறைவுதான். அன்று வண்டிக்குள் இருந்த இருவரை நினைத்தால் எனக்கு இன்னும் நடுக்கம் எடுக்கிறது.

சின்னம்மா இப்போது என் தாயாரோடு கீழே இருக்கிறார். எட்டு ரோசாத் தொட்டிகளில் ஐந்து வெயிலில் கருகின, மூன்று தளிர்த்திருக்கின்றன. கழற்றிய ஸ்பிரிங் பட்டை அந்தத் தொட்டிகளுக்கு அடியில் கிடக்கிறது. பிரேக் எண்ணெய் மாற்றிய தேதியை மகன் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதி வண்டிக்குள் வைத்திருக்கிறான். அடுத்த முறை மாற்ற வேண்டிய தேதியையும் அவனே கீழே குறித்துவிட்டான்.